மிளகும் நான்கு சாட்சிகளும்

வரலாற்று நூல்களைப் படிக்கும் நம் இளைஞர்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. நூலில் செய்தி எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். கண்டவுடன் அதன் கீழே கோடு இடுகிறார்கள். பின்னர் அதனைத் தேர்வுத் தாளில் எழுதிவிடுகிறார்கள். அச்செய்தியைச் சொன்னவன் யார், யாருக்குச் சொன்னான், என்ன பயன் கருதிச் சொன்னான், சொல்லும்போது அவன் முகம் மலர்ந்திருந்ததா, சுளித்திருந்ததா என்னும் வினாக்கள் அவர்கள் உள்ளத்தில் எழுவதே இல்லை. அவ்வினாக்கள் எழாவிட்டால் என்ன இழப்பு நேரும், எழுந்தால் என்ன பயன் விளையும் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். பழந்தமிழகத்தின் கடல் வாணிகத்தைப் பற்றி எழுதும் மாணவர் பலரும் தவறாமல் எழுதும் செய்தி ஒன்று உண்டு. உரோமப் பேரரசின் செல்வம் ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் அளவில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது என்பதே அது. செஸ்டர்ஸ் என்பது அந்நாட்டு நாணயம். இதனை எழுதும்போது மாணவரின் நெஞ்சு பெருமிதத்தால் விம்முகிறது. ஆனால் அச்செய்தியை முதலில் எழுதி வைத்த உரோமர் பெருமிதத்தோடு எழுதவில்லை, வயிறெரிந்து எழுதினார். ஒருவருடைய வசையை நாம் வாழ்த்தாகப் படித்து வருகிறோம்! வரலாறு என்பது பழையவர்களின் சாட்சியத்தைக் கேட்டு வழங்கும் தீர்ப்பு அன்றோ? சாட்சி கோபத்தில் பேசுகிறானா, கணக்குப் பார்த்துப் பேசுகிறானா என்று அறியாத நீதிபதி வழங்கும் தீர்ப்பு எத்தகையதாக இருக்கும்?

சாட்சியை இவ்வாறு நிறுத்தி வினவும் முறை தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுளின் உறுப்புக்கள் என 34 உறுப்புக்களை எண்ணுகிறார். அவற்றுள் கூற்று, கேட்போர், பயன், மெய்ப்பாடு, எச்சம் என்னும் ஐந்தும் இடம் பெறுகின்றன. பேசுவது யார் என்பது கூற்று. யாரை முன்னிறுத்திப் பேசப்படுகிறது என்பது கேட்போர். அப்பேச்சினால் எதனைப் பெற விரும்புகிறான் என்பது பயன். உள்ளத்து உணர்ச்சி சொல்லில் வெளிப்படும் தன்மை மெய்ப்பாடு. சொல்லாமல் விடப்பட்டு, நாமே கொணர்ந்து முடித்துக்கொள்ள வேண்டியது எச்சம். இன்றைய ஆசிரியர்கள் நூலாசிரியரின் நோக்கம் என்றும் தொனி என்றும் கூறுவன, பயன், மெய்ப்பாடு என்னும் பெயர்களோடு நம் இலக்கணத்தில் பண்டே அமைந்துள்ளன. தொல்காப்பியர் இவற்றைச் செய்யுளுக்கு வகுத்தார். நான் இவற்றை வரலாற்றுச் சான்றுகளுக்கும் கொண்டு செல்கிறேன்.

சோதனைக்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம். அது மிளகு. இடம், சேர நாட்டின் மேற்குக் கரையில் பேரியாறு கடலோடு கலக்கும் பகுதியில் விளங்கிய முசிறித் துறைமுகம். காலம், கிறித்து பிறந்த பின் முதல் இரண்டு நூற்றாண்டுகள். இத்துறையின் வாணிகத்தைப் பற்றி நான்கு சாட்சிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒருவன் கடலோடிய வணிகன். ஒருவர் உரோமாபுரியின் அறிஞர். மூன்றாவது சாட்சி தமிழ்ப் புலவர். நான்காவது சாட்சி ஒரு கடன் பத்திரம். நால்வரையும் ஒருவர்பின் ஒருவராகக் கூண்டில் ஏற்றுவோம்.

முதலில் வணிகன் வருக. ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல் கி. பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது. 66 சிறு பகுதிகளே உடைய இந்நூலின் ஆசிரியன் பெயர் தெரியவில்லை. ஆயினும் அவன் இன்ன நாட்டினன் என்று அறிஞர் கண்டுகொண்டனர். எவ்வாறு? ஓரிடத்தில் அவன் மரங்களைப் பற்றிப் பேசும்போது, எகிப்தில் ‘நம்மிடம்’ உள்ள மரங்கள் என்று பொருள்படக் குறிப்பிடுகிறான். அந்த ஒரு சொல்லே அவன் எகிப்தில் வாழ்ந்த கிரேக்கன் என்பதைக் காட்டிக் கொடுத்துவிட்டது. பெயரை மறைத்தவனும் குரலை மறைக்க இயலாது என்பதற்கு இது நல்ல சான்று.

இவ்வணிகன் முசிறியைப் பற்றி என்ன கூறுகிறான்? எந்தத் திங்களில் எகிப்தை விட்டுப் புறப்பட வேண்டும், எவ்வெச் சரக்கு அங்கே விலைபோகும், எவ்வெச் சரக்கு அங்கிருந்து கிடைக்கும் என்று வரிசைப்படுத்துகிறான். மிளகும் தமாலபத்திரமும் மிகுதியாகக் கிடைப்பதால் பெரிய கப்பல்கள் செல்கின்றன என்கிறான். கொண்டு செல்ல வேண்டியவற்றுள் முதலாவதாக நாணயத்தைக் கூறுகிறான். துணி, பவளம், செம்பு, தகரம், ஈயம் முதலியவற்றையும் கூறுகிறான். திராட்சை மது அதிகம் வேண்டா என்கிறான். கோதுமை கப்பலில் உள்ளவர்களுக்கு வேண்டிய அளவு போதும். அங்குள்ள வணிகர் அதனைப் பயன்படுத்துவதில்லை என்கிறான். இங்கே வியப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. தன்னைப் போன்ற வணிகன் நட்டப்படாமல் திரும்பி வர வேண்டும் என்பதே அவன் கருதிய பயன். ஆகையால் விலை, காற்று, ஆழம், சரக்கு ஆகியவற்றில் அவன் சொல்லை நாம் பெரிதும் நம்பலாம். அவற்றில் பிழை நேர்ந்தால் படிப்பவன் கப்பலை இழப்பான் அல்லவா?

ஆனால் இந்த அமைதியான தொனியிலேயே ஓர் அபாயமும் அடங்கியிருக்கிறது. பரூச் என இன்று வழங்கும் பாரிகாசாத் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது, அந்நாட்டு மன்னனுக்காகக் கொண்டு செல்லத் தக்க பொருள்களை அவன் பட்டியலிடுகிறான். வெள்ளிப் பாத்திரம், உயர்ந்த மது, சிறந்த தைலம், விலையுயர்ந்த ஆடை. இவற்றோடு இசை பாடும் அடிமைகளும் அந்தப்புரத்துக்கு ஏற்ற அழகிய பெண்களும் அதே பட்டியலில் வருகிறார்கள். குரல் சிறிதும் மாறவில்லை. தைலக் குடத்துக்கும் தாய்நாடு இழந்த பெண்ணுக்கும் அவனுடைய ஏட்டில் ஒரே மெய்ப்பாடு. படிப்பவர் இங்கே நிற்க வேண்டும். உணர்ச்சியற்ற தொனி நடுநிலையான தொனி என்று எண்ணிவிடக் கூடாது. எதனைப் பற்றி ஒருவன் உணர்ச்சியின்றிப் பேசுகிறான் என்பதும் அவனைப் பற்றிய செய்தியே. அப்பெண்களின் கதை இந்நூலின் எச்சம். அதனை அவன் எழுதவில்லை, ஆயினும் அது அங்கே இருக்கிறது.

இரண்டாம் சாட்சி மூத்த பிளினி. இவர் உரோமப் பேரரசின் உயர் அலுவலர். மிசேனம் என்னும் இடத்திலிருந்த கடற்படையின் தலைவர். கி. பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை பொங்கியபோது உயிர் நீத்தவர். இவருடைய ‘இயற்கை வரலாறு’ 37 பகுதிகளைக் கொண்ட பெருநூல்; கி. பி. 77 அளவில் முற்றுப்பெற்று, பேரரசர் வெஸ்பாசியனின் மகனான டைட்டஸுக்கு உரிமையாக்கப்பட்டது. ஏறத்தாழ 2,000 ஏடுகளைப் படித்து 20,000 செய்திகளைத் திரட்டியதாகப் பிளினியே முன்னுரையில் கூறுகிறார். இந்தியாவை அவர் கண்டதில்லை. கேட்டும் படித்தும் எழுதினார்.

நம் மாணவர் போற்றும் அந்த ஐந்து கோடிச் செய்தி இந்நூலின் ஆறாம் பகுதியில் வருகிறது. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடிக்குக் குறையாமல் நம் செல்வத்தை உறிஞ்சுகிறது, அங்கிருந்து வரும் சரக்கோ இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்பது அதன் கருத்து. பன்னிரண்டாம் பகுதியில் வேறொரு கணக்கு உண்டு: இந்தியா, சீனம், அரேபியா மூன்றும் சேர்ந்து பத்துக் கோடியைக் கொண்டு போகின்றன. இக்கணக்கு எவ்விடத்தில் வருகிறது என்று பாருங்கள். நறுமணப் பொருள்களைப் பிணத்தோடு எரிக்கும் ஆடம்பரத்தையும், நீரோ மன்னன் தன் மனைவி பொப்பேயாவின் ஈமச் சடங்கில் அரேபியாவின் ஓராண்டு விளைச்சலைவிட மிகுதியாக எரித்ததையும் அவர் கண்டித்த பின்னரே இத்தொகை வருகிறது. அடுத்த மூச்சிலேயே, நம் ஆடம்பரமும் நம் பெண்டிரும் நமக்கு வைக்கும் செலவு இது என்று நொந்துகொள்கிறார்.

இப்பொழுது மெய்ப்பாட்டைச் சொல்லுங்கள். வெகுளியும் இளிவரலும் அன்றோ இங்கே ஒலிக்கின்றன? கேட்போர் யார்? தமிழரா? அல்லர். உரோமாபுரியின் செல்வர். பயன் என்ன? அவர்களை எளிய வாழ்வுக்குத் திருப்புவது. மிளகைப் பற்றிப் பேசும்போதும் அதே குரல்தான். இதற்கு இனிப்பும் இல்லை, அழகும் இல்லை. காரம் ஒன்றுக்காக இந்தியா வரையில் ஓடுகிறார்களே, இதனை முதன்முதல் உணவில் இட்டவன் யாரோ என்னும் கருத்துப்பட எள்ளி நகையாடுகிறார். இவ்வகைக் கண்டனம் பிளினி ஒருவருக்கே உரியதும் அன்று. கி. பி. 22-இல் திபேரியஸ் மன்னர் தம் ஆட்சி மன்றத்துக்கு எழுதிய மடலிலும் மகளிரின் மணிகளுக்காக உரோமச் செல்வம் அயல்நாடுகளுக்குப் போகிறது என்னும் குறை கூறப்பட்டதாகத் தாசிட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் தெரிவிக்கிறார். ஆடம்பரத்தைக் கண்டிப்பது அந்நாட்டுச் சான்றோர் மரபாகவே இருந்தது.

அப்படியானால் பிளினியின் ஐந்து கோடி பொய்யா? அவசரப்பட்டு அவ்வாறு முடிவு கட்டுவதும் பிழையே. நோக்கம் உடையவன் பொய்யன் அல்லன். நோக்கம் இல்லாமல் எவனும் எழுதுகோலை எடுப்பதில்லை. நாம் கேட்க வேண்டியது, அந்த எண் நூலில் என்ன வேலை செய்கிறது என்பதே. அது கடிந்துரைக்கும் பேச்சில் கேட்போரைத் திடுக்கிட வைக்கும் எண். சுங்கச் சாவடியின் பதிவேட்டிலிருந்து எடுத்ததா, பிறர் சொல்லக் கேட்டதா என்று அவர் கூறவில்லை. ஆனால் அதே பிளினி, நீள் மிளகு இராத்தல் 15 தெனாரியஸ், வெண்மிளகு 7, கரு மிளகு 4 என்று விலை குறிக்கும் இடத்தில் குரல் தாழ்ந்துவிடுகிறது. அவ்விலைகள் கடைவீதியில் எவரும் சரிபார்க்கக் கூடியவை. அக்காலத்து உரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். ஆகவே, ஒரு இராத்தல் கரு மிளகு அவனுடைய ஆறேழு நாள் சம்பளத்துக்குச் சமம். ஐந்து கோடி என்னும் பெருந்தொகையைவிட நான்கு தெனாரியஸ் என்னும் சிறுதொகையை வரலாற்று மாணவன் உறுதியாகப் பற்றிக்கொள்ளலாம். ஒரே ஆசிரியர் ஒரே நூலில் இரண்டு குரலில் பேசுவார். அவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று.

மூன்றாம் சாட்சி நம் புலவர். அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் முசிறியைக் குறிப்பிடுகிறார். யவனரின் கப்பல்கள் பொன்னைச் சுமந்து வந்து மிளகை ஏற்றிச் சென்றன என்னும் செய்தி அதில் உண்டு. இதனை மேற்கோள் காட்டாத வரலாற்று நூல் அரிது. ஆனால் அப்பாட்டு முழுவதையும் படித்தவர் எத்தனை பேர்? அது வாணிகத்தைப் பாடிய பாட்டன்று; பாலைத் திணைப் பாட்டு. பொருள் தேடப் பிரிந்து செல்லலாமா என்று தூண்டும் தன் நெஞ்சை நோக்கித் தலைவன் பேசுகிறான். எத்துணைச் செல்வம் கிடைப்பதாயினும் இவள் கண்கள் கலங்க விட்டு நான் வரமாட்டேன் என்பது அவன் துணிவு. முசிறி அப்பாட்டில் வருவது அதன் சிறப்பைப் புகழ்வதற்காக மட்டும் அன்று. காதலுக்கு எதிரே வைக்கத் தக்க பெருஞ்செல்வங்களை நினைப்பூட்டுவதற்காக.

புறநானூற்றின் 343-ஆம் பாட்டும் முசிறியைக் கூறுகிறது. பாடியவர் பரணர், துறை மகட்பாற்காஞ்சி. மீனை விற்றுப் பெற்ற நெல்லைப் படகில் குவித்தலும், வீடுகளில் அடுக்கிய மிளகு மூட்டைகளும், கப்பல் கொணர்ந்த பொன்னைக் கழியில் செல்லும் தோணிகள் கரைக்குக் கொண்டு வருதலும் இதில் சொல்லப்படுகின்றன. இவ்வளவும் எதற்காக? இத்தகைய முசிறியையொத்த செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும் தகுதியில் ஒவ்வாதவர்க்கு இப்பெண்ணைத் தந்தை கொடுக்கமாட்டான் என்று கூறுவதற்காக. வியப்பைப் பாருங்கள்! இரண்டு பாட்டும் முசிறியின் செல்வத்தை எடுத்துக் காட்டுகின்றன; இரண்டு பாட்டும் அச்செல்வம் போதாது என்று தள்ளிவிடுகின்றன. பிளினியும் அதனைத் தள்ளினார், புலவரும் தள்ளினார். ஆனால் அவர் சினந்து தள்ளினார். இவர்கள் அன்பையும் மானத்தையும் உயர்த்துவதற்காகத் தள்ளினார்கள்.

நோக்கத்தை அறிந்ததனால் நமக்குக் கிடைத்த ஆதாயம் என்ன? புலவருக்கு வாணிகத்தைப் பற்றி எதனையும் மெய்ப்பிக்க வேண்டிய தேவை இல்லை. ஒன்றனை அளவுகோலாகப் பயன்படுத்துவோர், கேட்போருக்கு அது முன்பே தெரிந்திருந்தால்தான் பயன்படுத்துவர். ‘குபேரன் செல்வம்’ என்று நாம் சொல்வதில்லையா, குபேரனை யார் கண்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் குபேரனுடைய நகரில் மீனுக்கு நெல் மாற்றியதையும், கழியில் தோணி ஓடியதையும் எவரும் சொல்வதில்லை. உவமைக்குத் தேவையில்லாத இச்சிறு காட்சிகள், உலகில் இருந்த ஓர் ஊரை அறிந்தவரிடமிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன். ஒருவன் மெய்ப்பிக்க முயலும் செய்தியைக் காட்டிலும் போகிற போக்கில் சிந்திவிட்டுச் செல்லும் செய்தி பல நேரங்களில் விலை மிக்கது.

நான்காம் சாட்சிக்கு வாயில்லை. அது பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதிய கடன் பத்திரத்தின் ஒரு துண்டு. கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இது ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1985-இல் இது அச்சில் வெளிவந்தபோது வரலாற்றுலகம் வியந்து நோக்கியது. முசிறி தொடர்பான கடன் ஒப்பந்தம் ஒன்றைப் பற்றி இதன் ஒரு பக்கம் பேசுகிறது. மறுபக்கத்தில் ஹெர்மப்போல்லோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. கங்கைப் பகுதிச் சடாமாஞ்சியும் யானைத் தந்தமும் அச்சரக்கில் உள்ளன. நான்கில் ஒரு பங்கு சுங்கம் போக எஞ்சிய மதிப்பு ஏறத்தாழ எழுபது இலட்சம் செஸ்டர்ஸ்.

இப்பத்திரத்துக்குத் தொனி உண்டா? உண்டு. கடன் வாங்கியவனின் கூற்றாக இது அமைந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடன் கொடுத்தவனின் நலத்தையே காக்கிறது. செங்கடல் துறையிலிருந்து ஒட்டகத்தில் சரக்கைக் காவலோடு கொப்தஸ் நகருக்குக் கொண்டு செல்வேன். அங்கே சுங்கக் கிடங்கில் உன் பொறுப்பிலும் உன் முத்திரையிலும் வைப்பேன். பின்னர் நைல் ஆற்று வழியே அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டு செல்வேன் என்று படிப்படியாக உறுதி கூறப்படுகிறது. முத்திரை, காவல், கிடங்கு, பொறுப்பு! ஐயமே இப்பத்திரத்தின் மெய்ப்பாடு. பெரும்பொருளை முதலீடு செய்தவன் எவ்வளவு அஞ்சினான் என்பதை, அச்சம் என்னும் சொல்லே இல்லாமல் இது காட்டிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளினியின் ஐந்து கோடியை இந்த எழுபது இலட்சத்தால் வகுத்தால் ஏழு கப்பல் என்று விடை வரும். ஆகவே ஆண்டுக்கு ஏழு கப்பலே வந்தன என்று சிலர் எழுதக்கூடும். அது பொருந்தாது. பிளினி கூறுவது உரோம நாட்டை விட்டு வெளியேறும் செல்வம். பத்திரம் கூறுவது சரக்கு எகிப்தை அடைந்த பின் பெற்ற மதிப்பு. இரண்டு எண்களும் இரண்டு வேலைகளுக்காகப் பிறந்தவை. நோக்கம் அறியாமல் எண்களைக் கூட்டுவதும் கழிப்பதும், ஒருவன் வயதையும் மற்றொருவன் எடையையும் கூட்டுவது போன்றதே.

சாட்சிகள் நால்வரையும் கேட்டோம். இனித் தீர்ப்புக்கு வழி என்ன? பயனாலும் குரலாலும் வேறுபட்ட சாட்சிகள் எங்கே தம்மை அறியாமல் ஒன்றுபடுகிறார்களோ, அங்கே வரலாறு உறுதியான நிலத்தில் நிற்கிறது. அத்தகைய இடம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. பிளினி முசிறியை விரும்பத்தக்க துறை அன்று என்கிறார். அருகில் கடற்கொள்ளையர் உண்டு. கப்பல் நிற்கும் இடமோ கரைக்குத் தொலைவு. சரக்கைச் சிறு தோணிகளில்தான் ஏற்றவும் இறக்கவும் வேண்டும் என்று குறை கூறுகிறார். பெரிப்ளூஸ் வணிகன் முசிறி ஆற்றங்கரையில் முகத்துவாரத்திலிருந்து 20 ஸ்தாதியம், அதாவது ஏறத்தாழ மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே இருப்பதைக் குறிக்கிறான். அண்டையிலுள்ள நெல்கிந்தாவில் ஆறு மணல் திட்டுக்கள் நிறைந்திருப்பதால் கப்பல்கள் முகத்துவாரத்துக்கு இறங்கி வந்து சரக்கு ஏற்றுகின்றன என்றும் எழுதுகிறான். பரணரோ பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்ப்பதாகப் பாடுகிறார். ஒருவருக்கு அது குறை; ஒருவனுக்கு அது பயணக் குறிப்பு; ஒருவருக்கு அது ஊரின் எழில். மூன்று குரல், ஒரே தோணி! கிரேக்க வணிகனும் உரோம அறிஞரும் ஒரே மாலுமிகளிடம் கேட்டிருக்கலாம் எனினும், பரணர் அவ்விருவரையும் படித்திருக்க வழியில்லை.

கேரளத்தில் பரவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் அகழாய்வு நடைபெற்றது. உரோம நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும், செங்கல்லால் கட்டிய படகுத்துறைப் பகுதியும், ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணி ஒன்றும் அங்கே வெளிப்பட்டன. அவ்விடமே முசிறி அல்லது முசிறியின் பகுதி என்று அறிஞர் பலர் கருதுவர், ஏற்காதாரும் உளர். எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே துறையில் 1999-இல் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோகிராம் கரு மிளகு கிடைத்தது. மண்ணிலிருந்து வரும் இச்சான்றுகளுக்கு வெகுளியும் இல்லை, பெருமிதமும் இல்லை.

ஆனால் அவற்றைப் பற்றி எழுதும் அறிஞருக்கு நோக்கம் உண்டு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தார். தென்னாட்டுத் தொல்பொருள்களுக்குக் காலம் கணிக்க ஓர் உறுதியான அடையாளம் வேண்டும் என்பது அவர் தேடல். காலம் அறியப்பட்ட உரோம மட்கலங்கள் அதனை அவருக்கு அளித்தன. ஆகவே அவருடைய அறிக்கையில் அவ்வூரின் கதை உரோம வாணிகத்தையே மையமாகக் கொண்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு, அவ்வாணிகத்துக்கு முன்னரே மக்கள் அங்கு வாழ்ந்திருந்ததை விளக்கியது. வீலர் பொய் உரைக்கவில்லை. தாம் தேடியதைக் கண்டார். தேடாதது பின்வந்தவர்க்கு எஞ்சி நின்றது. பழைய ஆசிரியருக்கு மட்டும் அன்று, இக்காலத்து ஆசிரியருக்கும் பயனும் எச்சமும் உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

மாணவ நண்பர்களே, இனி ஒரு நூலை எடுக்கும்போது சில கேள்விகளை உடன் எடுத்துச் செல்லுங்கள். இவ்வாசிரியர் யாரை எதிரில் வைத்துப் பேசுகிறார்? அவர் எதனை விரித்துரைக்கிறார், எதனை ஒரு சொல்லில் கடக்கிறார்? அடைமொழிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன? ஓர் எண் வந்தால், அது அளப்பதற்கு வந்ததா, அச்சுறுத்துவதற்கு வந்ததா? குரல் எந்த இடத்தில் மாறுகிறது? யாருடைய குரல் கேட்கவே இல்லை? மேற்கோளாக எடுத்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படிக்காமல் அதனை எடுத்தாளாதீர்கள். ஒரு வரியின் முகம் அதன் அண்டை வரிகளில்தான் தெரியும்.

மற்றொரு கேள்வியும் உண்டு, அதுவே கடினமானது. படிக்கும் எனக்கு என்ன நோக்கம்? பிளினியின் வசையை நாம் வாழ்த்தாக மாற்றிக்கொண்டதற்குக் காரணம் பிளினி அல்லர். புகழைத் தேடிச் சென்ற நம் கண்கள். முன்னோரின் பெருமையைப் பேச நாம் விரும்புவதில் தவறில்லை. ஆனால் அப்பெருமை அயலார் இட்ட ஐந்து கோடிக் கணக்கில் இல்லை. அத்தனைச் செல்வத்தையும் துறையில் கண்டிருந்தும், ஒரு பெண்ணின் கண்ணீருக்கு அது ஈடாகாது என்று பாடிய பண்பாட்டில் இருக்கிறது. பாட்டின் நோக்கத்தை அறிந்து படித்தவனுக்கே அப்பெருமை புலப்படும். பொன்னுக்கும் மிளகுக்கும் மட்டும் கீழே கோடிட்டவனுக்குப் புலப்படாது.